துவைக்காத நைட்டி

மொழி வகுப்பின் மேசையில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது எந்த நிமிடம் அதிருமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். போன இரண்டு வகுப்பிலும் பாதியில் அதிர்ந்தது. வீட்டில் பிள்ளை வீறிட, எழுந்து ஓடினாள். கைக்குழந்தையை வகுப்புக்குள் விடமாட்டார்கள். மூன்றாம் தடவையும் எழுந்து போனால் இடம் அடுத்தவளுக்கு. டீச்சர் தங்கமானவள்தான், சட்டத்தை அவளா போட்டாள்? இந்த மொழிப் பரீட்சையில் தேறாமல் இங்கே நர்ஸ் படிப்புக்குள் கால் வைக்க முடியாது. சண்டைக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தபோது பாதியில் நின்ற படிப்பு அது. புருஷனுக்கு இன்னும் விசா வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவனுடைய அக்காவை விட்டால் நாதியில்லை.

அந்த மகராசிக்கு ஓட்டல் விரிப்புகளை வெளுக்கும் இடத்தில் வேலை. சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம்! அடுத்தவர் துண்டு தன் கொடியில் பட்டாலே எல்லாவற்றையும் மறுபடி அலசுவாள். பிள்ளையைத் தூக்குமுன் முழங்கைவரை சோப்புப் போடுவாள். அந்த வாசனை பட்டதும் பிள்ளை ஊரையே கூட்டும். "உம்புள்ளைக்கு என்னக் கண்டாலே ஆகல" என்று நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

இன்று கைப்பேசி அதிரவே இல்லை. நேரம் போகப்போக அதுவே பயமாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் விழுந்தடித்து ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

நாற்காலியில் நாத்தனார். உடம்பில் இவளுடைய பழைய நைட்டி! காலையில் அழுக்கு வாளியில் போட்டுவிட்டுப் போனது. தோளில் பிள்ளை கக்கிய பால் காய்ந்து கிடந்தது. நாத்தனாரின் உடம்புக்குப் பற்றாமல் அக்குளில் தையல் விட்டிருந்தது. நைட்டியின் தோளில் மூக்கைப் புதைத்துப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா... அது அழுக்கு."

"மெதுவாப் பேசு, இப்பத்தான் கண்ண மூடுச்சு. நாத்தம் குடலப் புடுங்குது. என்ன பண்ண, மகாராசாவுக்கு உன் வாடைதான் வேணுமாம்."

"குடுங்க, நான் தூக்கிக்கறேன்."

"போ, மொதல்ல சாப்பிடு. இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

இந்த வாய்க்காரியைப் போய் எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறோம்! கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிட்டால் அதற்கும் திட்டுவாள்.

சாயங்காலம் துவைக்க உட்கார்ந்தபோது வாளியில் நைட்டியைக் காணோம். உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"அத நனைச்சுடாத! நாளைக்கும் வகுப்பு இருக்கில்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று காய்ந்த நாத்தனாரின் துணிகளுக்கு நடுவே, அதே கொடியில், பால்கறையோடு நைட்டி தொங்கிக்கொண்டிருந்தது.