அதிமதுரக் காபி

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர்கள் மாதாமாதம் பிரஷர் பார்த்துக்கொண்டுதான் ஏணியில் கால் வைக்க வேண்டும். பாஸ்கரை இந்த முறை கீழேயே நிறுத்திவிட்டார்கள். கையில் பச்சைக் கொடியைக் கொடுத்து, லாரிகளுக்கு வழி காட்டச் சொன்னார்கள். மறுபடி பார்த்தபோது பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. இன்றைக்கும் இறங்காவிட்டால் இனி கிரேன் இல்லை.

கம்பெனி கிளினிக்கில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி செங்கொடிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதைச் சந்தேகம் என்று வைத்துக்கொள்வதே அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

கோடையில் எம்.கே.பி. நகரில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஐயர் இல்லாத, புத்த முறைக் கல்யாணம். வீட்டு மருமகன் முறையில் பாஸ்கர்தான் பஞ்சசீலம் சொல்ல வேண்டும், சபை திருப்பிச் சொல்லும். ஒரு வாரம் மனப்பாடம் செய்தவன், பாதியில் நின்றுவிட்டான். மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அண்ணன் அன்பரசன் வாங்கி முடித்துவைத்து, "மச்சானுக்குக் கிரேன்ல ஏறுனாத்தான் வார்த்தை வரும்" என்றான். சபை சிரித்தது.

மறுநாளே கல்மண்டபம் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். வல்லாரையும் அதிமதுரமும் கலந்த பொடி, ஞாபகசக்திக்கு. "அவரு வேற மாத்திரை எதுனா போடுறாரா?" என்று கடைக்காரர் கேட்டார். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் போடுகிறார் என்றால் ஆளைக் கூட்டிவரச் சொல்வாரே என்று, "இல்ல" என்றாள்.

சர்க்கரை வியாதிக்காரனுக்கு வெறும் காபிதான். அதில் தினமும் இரண்டு வேளையும் பொடியைக் கலக்கிக் கொடுத்தாள். முதல் வாயிலேயே இனிப்பு தெரிந்து நிமிர்ந்து பார்த்தான். கள்ளத்தனமாகச் சர்க்கரை போட்டிருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். "டாக்டருக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் ஒதைதான்மே" என்று சிரித்துக்கொண்டே குடித்தான். அவள் திருத்தவில்லை.

இப்போது டாக்டர் ஆலிஸ் பிரஷர் கைப்பட்டையை அவிழ்த்தார். "நூத்தி எழுபத்தி ரெண்டு. குடிக்கிறீங்களா?"

"தொட்டு வருசக் கணக்காவுது டாக்டர்."

"வேற ஏதாவது புதுசா சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, இனிப்பு?"

"ஒண்ணும் இல்ல" என்றான் அவசரமாக. மேசைக்கு அடியில் அவன் கால் அவள் காலை மெல்ல மிதித்தது. வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவளைக் காப்பாற்றுகிறானாம்.

செங்கொடிக்குக் காது மடல் வரை சுட்டது.

"அதிமதுரம், டாக்டர். நாந்தான் காபியில போட்டேன். அதுக்குத் தெரியாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அதிமதுரம் நாள்பட உள்ளே போனால் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கிவிடும், பிரஷர் மாத்திரை போடுகிறவர் தொடவே கூடாது என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பொடியை நிறுத்திச் சில வாரம் பார்க்கலாம், அதுவரை கிரேனைப் பற்றி முடிவு வேண்டாம் என்று யார்டுக்குச் சொல்வதாகவும் சொன்னார்.

வெளியே லாரிகள் தூசி கிளப்பிக்கொண்டு போயின. பாஸ்கர் வேப்பமரத்தடியில் நின்றான்.

"இன்னாத்துக்குமே போட்ட?"

இருமலுக்கு என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது.

"கல்யாணத்துல நீ நின்னுட்டியே, அதுக்குத்தான். எனக்கு அவமானமா இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன்யா."

"பார்த்தேன்" என்றான்.

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அது போவுது, வுடு. சூப்பர்வைசர் செங்குட்டுவன் வூட்டுக்கே வந்து, 'அண்ணே, ராத்திரி ஊத்திக்கினு வந்தா பிரஷர் ஏறாம இன்னா பண்ணும்'னு கேட்டானே. புள்ளைங்க முன்னாடி. நீ தட்டுல பஜ்ஜி வெச்சிகினு இருந்த. ஒரு வார்த்தை சொல்லல. எனக்கே, குடிச்சிட்டுத்தான் மறந்துட்டனோன்னு பயமாயிருச்சுமே."

அன்றைக்கு அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி கூட இருந்தது, பழி வேறெங்கோ போகிறதே என்று. அதை அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

"செங்குட்டுவன் இப்ப எங்க கீறான்?" என்று கேட்டாள்.

"ஷெட்ல. சாப்பாட்டு நேரம், எல்லாந்தான் கீதுங்க. இன்னாத்துக்கு?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தாள். "வேணாம்மே, சிரிப்பானுங்க" என்றான் பாஸ்கர் பின்னாலிருந்து. உள்ளே டிபன் பாக்ஸ்களைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். செங்குட்டுவன் வாயில் சோற்றோடு, "இன்னா அண்ணி?" என்றான்.

"அது குடிக்கல. நாந்தான்..." என்று செங்கொடி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.