காலியாக விட்ட கட்டம்

என் முகத்தைப் பார்க்க எனக்கே குமட்டுகிறது. சவரம் செய்யக்கூடக் கண்ணாடி பக்கம் போகவில்லை.

நான் கணினி அறிவியல் பேராசிரியன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதிய ஒரே ஆய்வுக் கட்டுரையை வைத்துப் பதவி உயர்வு, தனி அறை, மூன்று கேடயம் என்று வாங்கிக் குவித்தவன். அவசரப் பிரிவுக்கு வந்த நாற்பதாயிரம் பேரின் பதிவுகளைக் கணினி மூன்று கூட்டமாகப் பிரித்தது. வலி முதலிய எண்கள் குறைவாக இருந்த கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நான் எழுதினேன். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் பார்க்கவில்லை. இன்று பல மருத்துவமனைகளில் என் நிரல் சொல்வதுதான் சட்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிட வந்தாள். அந்தப் பதிவுகள் வந்த அதே மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். நான் வழக்கம்போலப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"வலி எவ்வளவுன்னு பத்துக்கு ஒரு நம்பர் போடுவீங்களே, அந்தக் கட்டம்தான்க்கா எனக்கு உயிர்."

"அதுவா? முக்கால்வாசி நேரம் அத நிரப்பவே மாட்டோமே."

"ஏன்?"

"துடிச்சிட்டு வர்றவன்கிட்ட நின்னு பத்துக்கு எத்தனைன்னு கேப்பியாடா? உசிரக் காப்பாத்தவே கை பத்தாது. காலியா விட்ருவோம். தலைவலின்னு நடந்து வர்றவன்கிட்டதான் நிதானமா கேட்டு எழுதுவோம்."

கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். எச்சில் கையோடு போய்ப் பழைய நிரலைத் திறந்தேன். அந்த வரி அப்படியே இருந்தது. கட்டம் காலி என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் வலி இல்லை, வீட்டுக்குப் போகலாம். பக்கத்தில் என் குறிப்பு: 'இப்போதைக்கு'.

மறுநாள் துறைத்தலைவரிடம் சொன்னேன். ஒரு வரிகூட எழுதாமல் அந்தக் கட்டுரையில் பெயரை ஒட்டிக்கொண்டவர்.

"ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க சார். எதுக்கு சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறீங்க? அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம மாத்திடலாம்."

"அதுவரைக்கும் வீட்டுக்கு அனுப்பிட்டிருப்பாங்களே?"

"அது ஆஸ்பத்திரி பொறுப்பு. நாம ஆராய்ச்சிதான பண்றோம்." பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி எடுத்தார்.

அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, அவர் சொன்னது ஒரு நிமிடம் எனக்கு இதமாக இருந்ததுதான்.

அறைக்கு வந்து, உடனே நிறுத்துங்கள் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுதினேன். பிறகு கட்டுரையைத் திரும்பப் பெறும் படிவத்தைத் திறந்தேன். பெயர், தலைப்பு, வருடம் எல்லாம் கேட்டது. கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். விருப்பமிருந்தால் நிரப்பலாமாம். பூசி மெழுகுவதற்கு என்ன வசதி.

கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? எழுதினேன்: 'இந்தப் பதிவுகளை எழுதியவர்களில் ஒருவரிடம்கூட, கட்டம் ஏன் காலி என்று நான் கேட்கவில்லை. அவர்களில் ஒருத்தி என் அக்கா.'