யார் வரியில் பிழை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, என் அண்ணியுடையது. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்தவர், செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, "தம்பி, மனசு சரியில்ல. ஒரு விஷயம் சொல்றேன், கதை கிதைன்னு எழுதிடாதே" என்றார். எழுதாதே என்று சொன்னதை எழுதித்தான் நான் காலம் தள்ளுகிறேன். சனிக்கிழமை முழுக்க எழுதியதும் அடித்ததும் கீழே இருக்கின்றன. அடித்ததை ஒழுங்காக அழிக்கவில்லை. அலுப்பு.

2

முதல் தொடக்கம்: "அவள் மரத்தின் உச்சிக் கிளையில் நின்றாள். இலைகளுக்கு நடுவே—"

[விட்டுவிட்டேன். கதைக்குள் அண்ணிதான் 'அவள்'. அவள் நின்றது எட்டாவது மாடியில், சன்னல் திறக்காத ஒரு கூடத்தில். தரைவிரிப்பில் எப்போதும் ஈர வாடை அடிக்கும்.]

இரண்டாவது தொடக்கம்: "கம்பைலர் எனப்படுவது—"

[இது பாடப்புத்தகம். ஆனால் சொல்லாமல் நகரவும் முடியாது. மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். மாற்றுவதற்கு முன் நிரலைக் கிளை கிளையாகப் பிரித்து ஒரு மரமாக வைத்துக்கொள்ளும். அந்த மரத்தில் ஒரு கிளை விடாமல் ஏறி இறங்கி, எங்கே பிழை இருக்கிறது என்று சொல்லும் கருவியைத்தான் அவள் கட்டினாள். இதற்கு மேல் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.]

மூன்றாவது தொடக்கம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யார் நிரலைக் கொடுத்தாலும் நாலு குற்றம் கண்டுபிடிப்பாள். அவள் கருவி கட்டப் போகிறாள் என்றதும் எல்லோருக்கும் ஏக சந்தோஷம், இனிமேல் இயந்திரம்தானே திட்டும் என்று. அடுத்த மேசைக்காரர் மட்டும், "பாத்துக்கம்மா, அது உன்னையும் திட்டும்" என்றார். அவரை எல்லோரும் சித்தப்பா என்பார்கள். அவருக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது, ஆனாலும் அலுவலகத்துக்கே சித்தப்பா. தலை நரைத்தவர், வம்புதும்புக்குப் போகாதவர். மேலே இருந்து எதை எப்படிச் செய் என்று சொல்கிறார்களோ, அதை அப்படியே செய்வார்.

3

கருவி முடிந்தது. பிழையையும் அது இருக்கும் வரியையும் பட்டியல் போட்டது. மேலாளர் ஒரு மாற்றம் கேட்டார்.

"ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எழுதினவங்க பேர் வரட்டும்."

"எதுக்கு சார்? திருத்தறதுக்கு வரி எண்ணே போதுமே."

"சும்மா, ஒரு பார்வைக்குத்தான்."

[ஒரு மேலாளர் வாயிலிருந்து 'சும்மா' வந்தால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளுக்கு ஓட நேரம் இல்லை. எடுத்துவிட்டேன்.]

பெயர்கள் வந்தன. பட்டியலில் முக்கால்வாசி சித்தப்பா. நானூற்றுச் சொச்சம் பிழைகள், அநேகமாக எல்லாம் ஒரே மாதிரி: ஒரு கோப்பைத் திறப்பது, மூடாமல் விட்டுவிட்டுப் போவது. அந்த வாரம்தான் ஆள்குறைப்புப் பேச்சும் அடிபட்டது. யார் யார் என்பது திங்கட்கிழமை முடிவாகும். "யாரை அனுப்பணும்னு நான் எதுக்குச் சொல்லணும்? கருவியே சொல்லுதே" என்றார் மேலாளர்.

சித்தப்பா அவள் மேசைக்கு வந்து நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தாள். போட்டிருந்தால் தேவலை.

"ஏம்மா, நான் அவ்வளவு மோசமாவா எழுதறேன்? இத்தனை வருஷத்துல யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே."

4

மனது கேட்காமல் அவருடைய வரிகளைத் திறந்து பார்த்தாள். கோப்பைத் திறக்கும் கட்டளை எதையும் அவர் எழுதவே இல்லை. எழுதியிருந்தது ஒரே ஒரு பெயர். அதற்கு மேக்ரோ என்று பெயர்.*

* மேக்ரோ: ஒரு துண்டு நிரலை எங்கோ ஓரிடத்தில் எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பிறகு அந்தப் பெயரை யார் எங்கே போட்டாலும், கம்பைலர் அங்கே முழுத் துண்டையும் விரித்துக்கொள்ளும்.

பிழை அந்தத் துண்டில் இருந்தது. சித்தப்பா செய்ததெல்லாம் அதை எடுத்துப் பயன்படுத்தியது. இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. விரித்துக்கொண்ட ஒவ்வொரு கிளைக்கும் கம்பைலர் இரண்டு முகவரி வைத்திருக்கும், எழுதிய இடம் ஒன்று, எடுத்த இடம் ஒன்று. எடுத்த இடத்தைக் காட்டினால் திருத்துகிறவருக்கு வசதி என்று அவள் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பெயர்ப் பட்டியல் வரும் என்று அப்போது யார் கண்டார்கள்?

எழுதியது யார் என்று பார்த்தாள். மேலாளர், தன் இளவயதில்.

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியமே கண்டுபிடித்தவள், அங்கேயே சொல்லாமல் ஏன் வீட்டுக்கு வந்தாள்? ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், நானூறும் ஒன்றாகச் சுருங்கி மேலாளர் பெயரில் போய் விழும். "அவள் கோழை" என்று எழுதினேன். அடித்தேன். என் அண்ணன் ஆறு மாதமாக வேலை தேடுகிறான். வீட்டு வாடகை, சாப்பாடு, நான் இந்தக் கதையை அச்சடித்த தாள் வரை எல்லாம் அண்ணி சம்பளம். அந்த மேலாளரைப் பகைத்துக்கொண்டால் திங்கட்கிழமைப் பட்டியலில் ஒரு பெயர் கூடும். அவள் இடத்தில் நானாக இருந்தால் கருவியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

முடிவு, ஒன்று: அவள் மேலாளர் அறைக் கதவைத் திறந்துகொண்டு போய், "சார், உங்க வரியிலதான்—"

[சினிமா.]

முடிவு, இரண்டு: அவள் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா தன் தண்ணீர்ப் பாட்டிலையும் முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவளிடம், "வரேம்மா, நீ நல்லா—"

[தொடரவில்லை.]

முடிவு, மூன்று: இனி நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். பக்கத்து அறையில் அண்ணன் விண்ணப்பம் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"எழுதாதேன்னேன், எழுதியிருக்கே. சரி, முடிவு எங்க?"

"படிக்கிறவங்ககிட்ட விட்டுட்டேன் அண்ணி. இந்த மாதிரிக் கதையில அதான் வழக்கம்."

அண்ணி தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"எழுதினது நீ. அவங்க எடுத்துப் படிச்சாங்க, அவ்வளவுதான். கஷ்டமான இடம் வந்ததும் அவங்க தலையில கட்டிட்டு நீ கையைக் கழுவிட்டே. என் கருவி சித்தப்பாவுக்கு இதைத்தான்டா பண்ணிச்சு."

அண்ணி என்னை 'டா' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"சரி, முடிவை நானே எழுதறேன். அவ அந்த வரியை மாத்திடறா, பட்டியலை அனுப்பிடறா. தப்பாப் போனா என்மேல போடுங்க."

"நீ கதையில அனுப்பினா சித்தப்பாவுக்கு வேலை மிஞ்சுமா?"

உண்மையைச் சொன்னால், வெள்ளிக்கிழமை அவர் கதை சொல்லவே வரவில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்க வந்திருக்கிறார். நான் காகிதம் தேடப் போய்விட்டேன்.

அண்ணி மடிக்கணினியைத் திறந்தார். அலுத்துப்போன முகம்தான், வீரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வரியை மாற்றினார். கருவி மறுபடி மரத்தில் ஏறி இறங்க வெகுநேரம் பிடித்தது. பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. சித்தப்பா பெயர் எங்கோ கீழே, இரண்டு சில்லறைப் பிழைகளுக்கு எதிரே இருந்தது.

முந்தைய பட்டியல் போன அத்தனை பேருக்கும் புதியதை அனுப்ப, அண்ணி இரண்டே வாக்கியம் எழுதினார். "முன்பு அனுப்பியதில் பிழைகளைத் தவறான இடத்தில் காட்டியிருந்தேன். தவறு என் கருவியுடையது." மேலாளரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பட்டியலில் அவர் பெயர் முதல் வரியில் இருந்தது, அதுவே போதும். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒருமுறை பக்கத்து அறைப் பக்கம் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

"போச்சு" என்றார். கணினியை மூடினார்.

"அண்ணி—"

"நாளைக்கு எனக்கும் வேலை இருக்குமோ என்னவோ. உங்க அண்ணன்கிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. எனக்குத் தெம்பில்ல. நீ போய்ச் சொல்லு."

எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தட்டச்சு ஓசை நின்றது. "வாடா" என்றான் அண்ணன், யாரோ நல்ல சேதி கொண்டுவந்திருப்பதைப் போல. அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.