விட்டுப் பழக்குதல்

என்ன சத்தம் கேட்டாலும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் தனம் கதவைச் சாத்தினாள். பிரவீணா கொல்லைப்புறத்தில், வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையின் மூங்கில் தட்டியை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வெண்பா அழுதாள். முதலில் கோபமாக, பிறகு கெஞ்சலாக, அப்புறம் யாரையும் கூப்பிடாத வெறும் அழுகையாக. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு இத்தனை விதமாக அழத் தெரியும் என்பது பெற்றவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு முறை எழுந்து கதவு வரை போனாள். இரண்டு முறையும் திரும்பி வந்தாள். அழுகை விக்கலாகி, விக்கலும் நின்ற பிறகு தனம் பின்பக்கமாக வந்து, "தூங்கிருச்சு. நீ இப்படியே பொடக்காலி வழியா போயிரு. முன்பக்கம் போனா செருப்புச் சத்தத்துக்கு முழிச்சுக்கும்" என்றாள்.

தனம் பிரவீணாவின் கணவனுடைய அண்ணன் மனைவி. செட்டிகுளத்தில் அவளும் ராஜராஜனும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டுப் பிழைக்கிறவர்கள். கல்யாணமாகி எத்தனையோ வருடமாகியும் குழந்தை இல்லை. திருச்சியில் வைத்தியம் பார்த்து, பிறகு பார்ப்பதை விட்டு, அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டிருந்தார்கள். பிரவீணாவுக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விதான் வீட்டில் முதலில் வந்தது. அவளுடைய அம்மா உயிரோடு இல்லை. கணவன் பிரேமுக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. முதல் வருடம் அவள் தனியாகத்தான் போக வேண்டும், காலூன்றிய பிறகு மற்ற இருவரையும் அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தனம் தானாகவே கேட்டாள், "எங்கிட்ட விடு" என்று. கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று விட்டுப் போனால் ஏக்கம் பிடித்துக் காய்ச்சலில் விழுந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்று சொன்னதும் தனம்தான். அது நியாயமாகவே பட்டது. தை மாதத்தில் ஆரம்பித்தார்கள். முதலில் வாரத்தில் இரண்டு நாள் குழந்தையை அங்கே விடுவது, பிறகு ஞாயிறு மட்டும் பிரவீணா போய்ப் பார்த்துவருவது, பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. போகும்போது தூக்கக்கூடாது, ராத்திரி தங்கக்கூடாது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவள் திருச்சிக்கு ஜெர்மன் வகுப்புக்குப் போய்வந்தாள். அந்த மொழியில் ஒவ்வொரு சாமானுக்கும் ஆண் பெண் உண்டு. மேசை ஆண், கதவு பெண். குழந்தை இரண்டுமில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அதை முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

அவளிடம் யாரும் கேட்காததும் அவள் யாரிடமும் சொல்லாததுமான ஒன்று இருந்தது. குழந்தை இல்லாத வீட்டில் காபியைச் சூடாகவே குடிக்க முடிந்தது. படித்ததை ஒரே மூச்சில் படித்து முடிக்க முடிந்தது. திருச்சியில் குளிருக்கான கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது, கண்ணாடியில் கல்லூரியில் படித்த பிரவீணா நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால், எங்கேயும் போகலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவள். அந்தச் சந்தோஷத்தைத் தொட்டுப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெண்பாவின் பழைய கவுன்களையெல்லாம் எடுத்து மறுபடி துவைத்துப் போட்டாள்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. பிடுங்கிய வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெண்பா ஒரு கை நிறையத் தாளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பிரவீணா கையை நீட்டினாள். குழந்தை அவளைச் சுற்றிக்கொண்டு போய், "அம்மா, இந்தா" என்று தனத்தின் மடியில் போட்டது. தனத்தின் கையில் அரிவாள் அப்படியே நின்றது. அவள் பிரவீணாவைப் பார்த்த பார்வையில் திருடிக்கொண்டிருக்கும்போது அகப்பட்டவளின் பயம் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

"இருக்கட்டுங்க்கா" என்றாள் பிரவீணா. "அப்படிக் கூப்புட்டா அழுவாம இருப்பால்ல."

அன்று வீட்டுக்கு வந்து பிரேமிடம் சொன்னாள். அவன் ஷிப்ட் முடிந்து வந்து, தலையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தான். "இதுக்குத்தான பழக்குனோம்" என்றான். குத்திச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னான்.

ஆவணியில் விசா மறுக்கப்பட்டது. படிப்பு முடிந்ததும் விண்ணப்பதாரர் சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்று நம்பப் போதுமான காரணம் இல்லை என்று கடிதம் வந்திருந்தது. பிரேம் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, மறுபடியும் முயற்சி பண்ணலாம், அடுத்த வருடம் கேட்டால் கொடுப்பார்கள் என்றான். அவள் அன்று முழுவதும் படுத்தே கிடந்தாள். மறுநாள் காலையில் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் செட்டிகுளத்துக்குப் பஸ் ஏறினாள்.

தனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ராஜராஜன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெங்காயக் காட்டுப் பக்கம் போய்விட்டார். தனம் உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை ஒரு பையில் அடுக்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு வந்தாள்.

"அடுத்த வருசம் கெடச்சுட்டா மறுபடியும் மொதல்லேருந்து பழக்கணுமே, பிரவீணா. புள்ள தாங்குமா?"

"நான் இனிமே எழுதிப் போடலக்கா."

"இப்ப அப்படித்தான் சொல்லுவ." தனம் குரலை உயர்த்தவில்லை. "அது மனசு என்ன பட்டறையா, தெறக்குறதும் மூடுறதும் நம்ம இஷ்டத்துக்கு?"

பிரவீணா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா சொல்வது பிள்ளைக்காகவா, தனக்காகவா என்று யோசித்தாள். இரண்டும்தான் என்று தோன்றியது. தான் கேட்க வந்ததும் அதே மாதிரிதான். தனம் மறுபடி உள்ளே போய் மீதித் துணியையும் வைத்துப் பையைக் கட்டினாள். குழந்தைக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை சீவிவிட்டாள். ஒரு முத்தம் கொடுக்கவில்லை. வாசல் வரைக்கும் கூட வரவில்லை.

பெரம்பலூர் வரைக்கும் வெண்பா பேசாமல்தான் வந்தாள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவோம் என்று நினைத்திருப்பாள். அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஏதோ புரிந்தது. "அம்மாகிட்ட போவணும்" என்றாள். பிறகு கத்தினாள். பேரளி தாண்டுவதற்குள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி உடம்பை வில்லாக வளைத்து, பிரவீணாவின் கன்னத்தைப் பிறாண்டி, "அம்மா, அம்மா" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள்தான் முதலில் கேட்டாள். "ஏம்மா, புள்ள யாருது?"

"எம் புள்ளதாங்க."

"அம்மாகிட்ட போவணும்னுல்ல அழுவுது?"

கண்டக்டர் வந்தார். பின் சீட்டு ஆள் ஒருவர் செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி வாட்ஸப்பில் வந்ததை யாரோ சொன்னார்கள். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ஒரு குரல் கேட்டது. பிரவீணா போனில் போட்டோவைக் காட்டினாள். சமீபத்தில் எடுத்ததெல்லாம் தனம் அனுப்பியவை. எல்லாவற்றிலும் குழந்தை தனத்தின் இடுப்பில் இருந்தது. பூக்கார அம்மாள் போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல் பிரவீணா தனத்தின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு அந்த அம்மாளிடமே நீட்டினாள்.

"இங்க பஸ்ஸுல ஒரு புள்ள அழுவுதுங்க. தூக்கிட்டு வர்ற பொண்ணு உங்க நம்பரக் குடுத்துச்சு. இது யாரு புள்ளைங்க?"

ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தார். இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வெண்பா போனைப் பார்த்து "அம்மா" என்றாள். அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்து விடுவது கேட்டது. பிரவீணா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நிமிடத்தில் அக்கா என்ன சொன்னாலும் தன்னால் மறுத்துப் பேச முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அது அவ புள்ளதாங்க" என்றது தனத்தின் குரல். "அவதான் பெத்தவ." பிறகு, "வெண்பா, அழுவாம போ. நான் பெரியம்மாடி" என்றது. போன் கட்டாகிவிட்டது.

பூக்கார அம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கூடையிலிருந்து கொஞ்சம் கதம்பத்தைக் கிள்ளிக் குழந்தையின் தலையில் வைக்கப் பார்த்தாள். வெண்பா தலையைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அழவில்லை. கிழிந்துபோன சீட்டு ரெக்சினுக்குள் விரலை விட்டுப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே வந்தாள்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பிரவீணா கையை நீட்டினாள். குழந்தை பிடிக்கவில்லை. தூக்கக் குனிந்தாள், பின்னால் நகர்ந்தது. ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வெள்ளைப் புழுதி மிதந்து வந்து இருவர் மேலும் படிந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்ததில் திடுக்கிட்டு வெண்பா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பிரவீணாவின் தோளில் தொங்கிய பையின் வாரை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடி நழுவிவிடாமல் இருக்க, பிரவீணா தோளை ஒரு பக்கமாகத் தாழ்த்தி, முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு, ரோட்டோரமாக மெல்ல நடந்தாள்.