தூசி இல்லாத இடம்

ஆறாம் எண் ஃபில்டர் தாளைத் தராசிலிருந்து எடுத்து மறுபடி வைத்தாள். அதே எடைதான். தாளில் ஒட்டிய தூசி அனுமதித்த அளவைப் போல நாலு மடங்கு. தூசிப் பரிசோதனைக் கூடத்தில் எடை போடுகிறவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் இந்த ஆறு தாள்களும் கல்லை மாவாக அரைக்கும் ஆலையிலிருந்து வந்தவை. ஆறாம் தாள் அந்த ஆலைக் கூடத்தின் கடைசி மூலையில் எடுத்தது. அங்கே உட்கார்ந்து மூட்டை தைப்பவன் அவள் கணவன்.

ஆலையில் வைத்துக் காற்றை மாதிரி எடுக்கும் பெட்டியில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. காற்றை மெதுவாக இழுத்து, அடுக்கடுக்கான தட்டுகளுக்கு நடுவே போகவிடும். கனத்த தூசி வழியிலேயே தட்டில் உட்கார்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடி மட்டும் காற்றோடு போய்த் தாளில் ஒட்டும். மூக்குக்கும் தொண்டைக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு நுரையீரலின் அடிவரை இறங்குவதும் அந்தப் பொடிதான்.

மாதிரி எடுத்து வந்தவர் பக்கத்து மேசையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணும் ஆறும் மாறிப்போச்சா? ஒண்ணு மெஷின் கிட்ட எடுத்தது. அதுல தூசி இந்த ஆறுல பாதிகூட இல்லையே."

"மாறலம்மா, நானேதான் நம்பர் போட்டேன். மெஷின் கிட்ட பறக்குறது பெருந்தூசி, அங்கேயே விழுந்துடும். அந்த ராட்சச ஃபேன் நைஸ் பொடிய மட்டும் கடைசி வரைக்கும் தள்ளிட்டுப் போகுது. மூலையில ஜன்னல் கிடையாது, அது எங்க போகும்? அந்தக் கூடமே நம்ம பெட்டி மாதிரிதான்னு வச்சுக்கயேன்."

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அவள் கணவன் மெஷின் பக்கத்தில்தான் நின்றான். மாவில் புரண்டவன் போல வீட்டுக்கு வருவான். இவள்தான் மேஸ்திரி வீட்டுக்கு நடையாய் நடந்து, அழுது, அவனை அந்த மூலைக்கு மாற்றினாள். அதன் பிறகு அவன் சட்டையை உதறினால் ஒரு பொட்டுத் தூசி விழாது. அதைப் பார்த்துப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறாள், மடச்சி.

அவனுக்குப் போன் போட்டாள். வாய் நிறையச் சோற்றோடு எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"என் இடத்துலதான். சாப்பிட்டுட்டு இருக்கோம்."

"இருக்கோம்னா?"

"எல்லாரும்தான். மெஷின்காரங்கல்லாம் சாப்பாட்டுக்கு இங்கதானே வருவாங்க. கூடத்துலயே சுத்தமான இடம் இதான். சாப்பிட்டு இங்கேயே கொஞ்சம் கண்ணசருவாங்க."

"வெளிய வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, இப்பவே."

அவன் சிரித்தான். "என் வீட்டுக்காரிதான். இந்த இடத்த எனக்கு வாங்கிக் குடுத்த மகராசி" என்று யாரிடமோ சொன்னான். பின்னாலிருந்து ஒரு குரல், "தங்கச்சி நல்லா இருக்கணும்" என்றது.

எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொன்னாள்.

"உங்க ஆலைத் தாள் எடை போட்டேங்க. மெஷின் கிட்ட இல்ல. உங்க இடத்துலதான் தூசி அதிகம். கண்ணுக்குத் தெரியாதது."

மெல்லும் சத்தம் நின்றது. பிறகு பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில், "மூணு வருஷமாவா?" என்றான்.