ஓடி வந்தவளும் இரண்டு வசனங்களும்

அன்று பகல் பதினொன்றரை மணிக்கு அச்சகத்தின் மெய்ப்பு அறையில் இருந்தவர்கள்: மெய்ப்புத் திருத்துகிற இருவர், கதவோரம் ஒரு பெண். அவள் மேலாளர் வீட்டில் வேலை செய்பவள். தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவள். இன்று சாப்பாட்டுப் பை இல்லை. துணிப்பை இருந்தது. இடது முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்து கொப்புளித்திருந்தது.

"வீட்டம்மா சூடு வச்சிட்டாங்க. சட்டை கருகிடுச்சுன்னு," என்றாள். "தங்கச்சி ஊருக்குப் போறேன். எனக்கு இந்த ஊர்ல அந்த வீட்டை விட்டா இங்க வர்ற வழி மட்டும்தான் தெரியும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அச்சகத்தின் முக்கிய வேலை பைபிள். ஒருவர் உரக்கப் படிப்பார், காற்புள்ளி முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து. மற்றவர் அச்சுத்தாளில் விரல் வைத்துத் தொடர்வார். அதிகாரத்தின் நடுவில் யாராவது குறுக்கிட்டால் முதல் வசனத்திலிருந்து மறுபடியும் படிக்க வேண்டும். இது மேலாளர் போட்ட சட்டம்.

படிப்பவருக்கு ஆமென் என்று பெயர். காலண்டர் படித்து முடித்தாலும் ஆமென் சொல்வார். தொடர்பவனுக்குச் சந்தேகம் என்று பெயர். அவனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. வேலைக்காக அந்தப் புத்தகத்தை நாலு தடவை வரிவரியாகப் படித்திருந்தான். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இடங்களில் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவான். மேலாளர் ஒருநாள் கூப்பிட்டு, "எழுத்துப் பிழையை மட்டும் பாருப்பா. ஆண்டவர் பிழையை ஆண்டவர் பாத்துப்பார்," என்றார்.

போன வாரம் அவன் ஆமெனிடம் இரண்டு இடங்களைக் காட்டியிருந்தான். எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்கக் கூடாது என்று ஓர் இடத்தில் சட்டம். இன்னோர் இடத்தில், ஓடி வந்த அடிமையை அப்போஸ்தலரே ஒரு கடிதம் கொடுத்து எஜமானிடம் திருப்பி அனுப்புகிறார்.

"ரெண்டுல எதுண்ணே?"

"வேலைக்காரன் எஜமானுக்கு அடங்கி நடக்கணும், தம்பி. அதுவும் எழுதியிருக்கு," என்று அன்று ஆமென் சொன்னார். சந்தேகத்துக்கு அது இப்போது நினைவுக்கு வந்தது.

கதவின் சின்னக் கண்ணாடிக்கு அப்பால், இயந்திரங்களுக்கு நடுவே, மேலாளர் வேகமாக வந்துகொண்டிருந்தார். பின்சந்தில் அவருடைய கார் டிரைவரோடு நிற்கும். அந்தப் பக்கமும் அவளை அனுப்ப முடியாது. ஏதாவது செய்ய வேண்டும் என்று சந்தேகம் நினைத்தான். வேலை போய்விடும் என்றும் நினைத்தான். இரண்டையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆமென்தான் எழுந்தார். இடுப்புச் சாவியை எடுத்துக் காகிதக் கிடங்கைத் திறந்து, "உள்ள போம்மா. ரீலுக்குப் பின்னாடி உக்காரு," என்றார். பூட்டினார். வந்து உட்கார்ந்து, படிக்க வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு, பைபிளின் சங்கீதங்களிலேயே நீளமானதைப் புரட்டினார். நூற்றெழுபத்தாறு வசனம். ஆரம்பித்தார்.

மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எங்க வீட்டுப் பொண்ணு இங்க வந்தாளா?"

"வரல சார், முற்றுப்புள்ளி," என்றார் ஆமென்.

சந்தேகம் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"என்னய்யா?"

"படிப்பு நடுவுல இருக்கு சார். இப்ப நீங்க பேசினதால மறுபடி முதல்லேர்ந்து. சட்டம் உங்களோடதுதான்."

ஆமென் முதலிலிருந்து ஆரம்பித்தார். மேலாளர் நின்றார். கிடங்குக் கதவைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். ஐம்பதாவது வசனம் தாண்டியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார். சற்று நேரத்தில் பின்சந்தில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஆமென் தண்ணீர் குடித்தார்.

"பொய் சொன்னீங்களேண்ணே."

"சொன்னேன்."

"எந்த வசனத்தை வச்சு முடிவு பண்ணீங்க? நிஜமாத்தான் கேக்கறேன். கிண்டல் இல்ல."

ஆமென் யோசித்தார். "அந்தக் கையைப் பாத்தேன். வசனம் ஒண்ணும் ஞாபகம் வரல."

"அப்ப ரெண்டு வசனத்துல ஒண்ணைப் பொறுக்கினது புஸ்தகம் இல்லையே. புஸ்தகத்துக்கு வெளிய இருக்கற ஏதோ ஒண்ணுதானே?"

"முப்பது வருஷமா இதைத்தானே படிக்கறேன். அதுதான் என் கண்ணைப் பழக்கியிருக்கும். இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மேலாளரும் படிக்கறாரு. ஞாயித்துக்கிழமை மேடை ஏறியே படிக்கறாரு. அந்தம்மா முதல் வரிசையில உக்காந்து கேக்கறாங்க."

ஆமென் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார். பிறகு, "சரி, நீ நாலு தடவை படிச்சே. நம்பல. உனக்குள்ள அந்த ஏதோ ஒண்ணு இருந்துச்சுல்ல, அப்ப ஏன் எந்திரிக்கல?" என்றார்.

அதைக் குத்திக்காட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. சந்தேகம் பென்சிலை உருட்டினான். எது சரி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவன் உட்கார்ந்திருந்தான். எந்தப் பக்கத்து ஓரத்தில் இதற்குக் கேள்விக்குறி போடுவது?

ஆமென் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துத் தள்ளினார். "கிடங்கோட பின்கதவு சாவி சின்னது. கேட்டா நான் திறந்தேன்னு சொல்லிக்கலாம். ஆனா நீ போய்த் திற."

கிடங்கு இருட்டாக இருந்தது. அவள் ரீலுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். முதுகெல்லாம் காகிதத் தூசி. அவன் பின்கதவைத் திறந்து சந்தின் இரு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை.

"நேராப் போய் வலது பக்கம் திரும்புங்கக்கா, பஸ் ஸ்டாண்ட். கையைத் துணியால மூடிக்குங்க."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே தம்பி?"

"தெரியலக்கா. போங்க."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வலது பக்கம் திரும்புகிறாளா என்று பார்த்தான். திரும்பினாள். கதவைச் சாத்தி, சின்னச் சாவியை நுழைத்து, இரண்டு சுற்றுப் பூட்டினான்.