குஞ்சம்மா தெரிந்தெடுத்த பெட்டி

குஞ்சம்மாவுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. சுனாமிக்குப் பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிப்போயிருந்தது. நிவாரணச் சோற்றுப் பார்சலைக்கூட மோந்து பார்த்துத்தான் பிரிப்பாள். இலவசமாகப் பாய் கொடுக்க வந்தவனிடம், "இத வாங்கினா மறுகா என்னத்துக்குக் கையெழுத்துக் கேப்பீங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் பாயைத் தொட்டாள்.

வீடு கட்டித்தர வந்த நிறுவனம் பாண்டிருப்பு முகாமில் ஒரு மேசையைப் போட்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற கணினிப் பெட்டிகள் இரண்டை அதில் வைத்தது. வீட்டு விபரம் பதிய எது வேண்டும் என்று முகாம் மாதர் சங்கமே தெரிவு செய்யலாமாம். சங்கத் தலைவி குஞ்சம்மா. மற்றவர்கள் பெருமையில் நெளிய, அவள் மட்டும் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"எங்களக் கேட்டா கடலடிச்சது? எங்களக் கேட்டா திரும்பச் சண்டையத் தொடங்கினவங்க? இதுக்கு மட்டும் ஏன்கா கேக்குறாங்க?" என்று சங்கச் செயலாளர் சுலோஜனாவின் காதைக் கடித்தாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய தங்கை செல்லத்தங்கத்தை வீட்டோடு கடல் கொண்டுபோயிற்று. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், கட்டிக்கொண்டு வருகிறவன் அதில் குடியிருப்பான், அவ்வளவுதான். தங்கையின் சீதன வீடு அவளுக்குப் பிறகு அவள் மகள் விதுஷாவுக்குத்தான். ஆனால் தங்கையின் புருஷன் இளையதம்பி வருஷம் திரும்புமுன்னே தம்பிலுவிலில் வேறு கல்யாணம் முடித்துவிட்டான். விதுஷாவைக் குஞ்சம்மாவிடம் விட்டுப் போனவன், புது வீடு வரப்போகிறது என்றதும் முகாமில் தலைகாட்டத் தொடங்கினான். போன கிழமை வந்தபோது மகளிடம் ஒரு கதையையும் கொளுத்திப் போட்டிருந்தான்.

"உன்ட பெரியம்மாக்கும் கலியாண வயசில ஒரு மகள் இரிக்காள். ஆருக்கு வீடு தேடுறா எண்டு பாத்து நட."

இதைச் சுலோஜனா வந்து சொன்னபோது குஞ்சம்மா சிரித்துவிட்டாள். தான் சோறூட்டி வளர்க்கிற பிள்ளை தன்னைச் சந்தேகிக்குமா என்ன?

முதற்பெட்டியைக் காட்டியவன் நிறுவனத்து உத்தியோகத்தன் வினோஜ், காரைதீவுப் பிள்ளை. வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது பெட்டி. கூடவே வந்த சின்னக் குச்சியால் அவன் தொட்டதும் திரையில் கேள்வி வந்தது. குடும்பத் தலைவர் பெயர்.

"தலைவரெண்டா ஆரு தம்பி?"

"புருஷன்தானக்கா. அவர்ர பேரிலதான் வீடு பதியும்."

"பெண்சாதி செத்திருந்தா?"

"அப்பவும் புருஷன்தான்."

கூட்டத்தின் பின்னால் நின்ற இளையதம்பி மீசையைத் தடவிக்கொண்டதை குஞ்சம்மா கவனிக்காமலில்லை.

"இந்தக் கேள்விய மாத்து."

"ஏலாக்கா. இது பூட்டின மென்பொருள். செய்த கம்பெனிக்காரன்தான் மாத்தலாம். அவன் வெளிநாட்டில இரிக்கான்."

"அது சரி. நீ கலியாணம் முடிச்சு இப்ப ஆர்ர வீட்டில இரிக்காய்?"

"மனிசிட வீட்டில..." என்றான் வினோஜ். கொல்லென்று சிரிப்பு எழுந்தது. பாவம், காது சிவந்துபோனான்.

இரண்டாவது பெட்டியைக் காட்டியவள் சபூறா. கல்முனைக்குடி முஸ்லிம் பெண், கணினி படித்தவள். அவளுடைய பெட்டி சவர்க்காரக் கட்டி போலத் தடித்துக் கறுத்திருந்தது. சந்தியில் நிற்கிற அதிரடிப்படைக்காரன் கண்டால் குண்டு என்று நினைப்பான் என யாரோ முணுமுணுத்தார்கள். அதற்கும் மேலே, அந்தப் பக்கத்தாளா எங்கட வீட்டை எழுதுறது என்ற முணுமுணுப்பும் இருந்தது. காணிக்கும் வீட்டுக்கும் இரண்டு ஊரும் முறைத்துக்கொண்டிருந்த காலம். குஞ்சம்மாவின் மனதிலும் அதுதான் ஓடியது.

"இதில ஓடுறது திறந்த மென்பொருள். எப்படி எழுதியிரிக்கெண்டு ஆரும் பார்க்கலாம், தேவைக்கு மாத்தவும் செய்யலாம். உலகம் முழுக்க ஆக்கள் சேர்ந்து எழுதிச் சும்மா தாறாங்க" என்றாள் சபூறா.

"சும்மாவா?"

"ஓம், சும்மாதான்."

"அப்ப இதில என்னமோ கிடக்கு" என்றாள் குஞ்சம்மா.

சபூறா சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. பெட்டியை மடிக்கணினியோடு ஒரு வயரால் தொடுத்து எதையோ தட்டினாள். திரும்ப நீட்டியபோது திரையில் கேள்வி மாறியிருந்தது. வீட்டுக்காரி பெயர்.

"எங்கட உம்மாட வீடும் கடலோட போச்சு. புது வீடு வாப்பாட பேரில வந்திட்டு. உம்மாவும் இல்ல. வாப்பாவும் மறுகா ஒரு கலியாணம் முடிச்சிட்டார். என்ட தங்கச்சி சுஹறாட கலியாணம் வீடில்லாம நிண்டு கிடக்கு" என்றாள் மெதுவாக.

குஞ்சம்மாவுக்கு மனம் இளகியது. இளகியதும் உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. கண்ணைக் கசக்கிப் பொருள் விற்கிறாளோ இவள்?

"நீ மாத்தலாமெண்டா நாளைக்கு இன்னொருத்தன் வந்து திரும்பத் 'தலைவர்' எண்டு மாத்தலாம்தானே?"

இதற்கு என்ன சொல்லப்போகிறாள் பார்ப்போம் என்று எல்லோரும் சபூறாவைப் பார்த்தார்கள்.

"ஓம், மாத்தலாம். பொய் சொல்லமாட்டன். ஆனா கேள்விய மாத்தினாலும் சரி, எழுதின பேர மாத்தினாலும் சரி, ஆர் எப்ப மாத்தினதெண்டு அதுக்குள்ளயே கிடக்கிற மாதிரி வச்சிரிக்கன். உங்கட ஆக்களே திறந்து பார்க்கலாம். மற்றப் பெட்டியில அவங்க மாத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. படிக்கிற புள்ள ஒண்டத் தாங்க, பார்க்கிற விதத்தக் காட்டிக்குடுக்கிறன்."

குஞ்சம்மா இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பச் சொல்லாமல், சந்தேகப்பட வழி சொல்லித் தந்தவள் அவள் அறிய இவள் ஒருத்திதான். கறுப்புப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப உயிரோட நிக்கிற நான் ஆரு?" என்று பின்னாலிருந்து கத்தினான் இளையதம்பி.

"நீ குடியிரிந்தவன்!" என்றாள் குஞ்சம்மா.

வினோஜ் தலையைச் சொறிந்தான். தெரிவு உங்களுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்ன வாய், இனி என்ன செய்யும்? தன் வெள்ளிப் பெட்டியை உறையில் போட்டான்.

"முதல் ஆர்ர வீட்டு வளவ எழுத?" என்று கேட்டாள் சபூறா.

"என்ட தங்கச்சிட வளவ எழுது."

"வீட்டுக்காரி பேர்?"

குஞ்சம்மா வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். மேசைக்கு எதிர்ப்புறத்தில் விதுஷா நின்றுகொண்டிருந்தாள். கண் இமைக்காமல் பெரியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சம்மாவுக்கு அந்தப் பார்வை தெரியும். சோற்றுப் பார்சலையும் பாய்க்காரனையும் சற்று முன்பு சபூறாவையும் அவள் பார்த்த அதே பார்வை. இளையதம்பி போட்ட நெருப்பு பிள்ளையின் மனதில் பற்றித்தான் இருந்திருக்கிறது.

"விதுஷா" என்றாள் குஞ்சம்மா. "செல்லத்தங்கத்திட மகள் விதுஷா."

சபூறா எழுதி முடித்துப் பெட்டியைக் குஞ்சம்மாவிடம் நீட்டினாள்.

"எனக்கில்ல புள்ள. அவளுக்குக் காட்டு."

விதுஷா பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி எழுத்தெழுத்தாக வாசித்தாள். வாசித்தும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அக்கா, இத ஆரும் மாத்தினா எப்படிப் பார்க்கிற?" என்று சபூறாவிடம் கேட்டாள்.

குஞ்சம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். 'ஆரும்' என்றதில் பிள்ளை தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். வலித்தது. ஆனாலும் கதிரையை இழுத்து விதுஷாவின் பக்கத்தில் போட்டாள்.

"இரிந்து வடிவாக் கேள் மகள்" என்றாள்.